சூளைக்குப் போகுமுன் ஒரு பிடி மண்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்துகிறவர்களுக்கும், அங்கே அச்சு வார்க்கும், கிளேஸ் முக்கும், சூளை அடுக்கும் தொழிலாளர்களுக்கும், பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும்:

உங்களிடம் ஒரு காரியம் வேண்டி எழுதுகிறேன். நன்கொடை கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு நடை களிமண்ணிலும் ஒரு பிடியை, அரவைக்குப் போவதற்கு முன்பே, கண்ணாடி பாட்டிலில் எடுத்து மூடி வைக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் தேவைப்படுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சூளை ஆறுகிற நேரத்தில், யாராவது ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டால் போதும்.

நான் கல் பக்கத்திலிருந்து வருகிறவன். நீங்கள் மண் பக்கம். மலையில் கல்லாக இருந்தது மழையில் இற்று, ஆற்றில் உருண்டு, தண்ணீர் அசையாத இடத்தில் படிந்தால் களிமண். அது புதைந்து இறுகினால் மறுபடியும் கல். ஆகவே நாம் ஒரே வீதிக்காரர்கள்தான்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். புது மண் வந்தால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் மண்ணை 110 டிகிரியில் உலர்த்தி, மூசையில் எடை போட்டு, மஃபிள் பர்னஸில் 1000 டிகிரிக்குச் சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து, திரும்ப எடை போடுவீர்கள். எடையில் குறைந்தது எவ்வளவோ அது எரிப்பு இழப்பு. சுத்தமான கயோலினாக இருந்தால் நூற்றுக்குப் பதினாலு அருகில் வரும். போனதில் பெரும்பகுதி மண்ணின் கட்டுக்குள் இருந்த நீர். மிச்சம் மக்கிய இலை, வேர், கரி. இந்தக் கணக்கில் வராத ஒன்றும் அதே நெருப்பில் போகிறது. உங்கள் தராசு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதைக் காட்டாது. அதுதான் பாதரசம்.

களிமண்ணில் பாதரசமா என்று பதற வேண்டாம். உலகம் முழுவதும் சாதாரணக் களிப்பாறையில் சராசரியாக நூறு கோடியில் அறுபது பங்கு பாதரசம் இருக்கிறது. அதாவது ஒரு டன்னுக்கு 60 மில்லிகிராம். பத்து டன் லாரி முழுவதையும் சுட்டு, வரும் ஆவியை ஒன்றுவிடாமல் பிடித்தாலும் ஒரு சிறு சொட்டுதான் தேறும். வெள்ளை வெளேரென்ற மண்ணில் இன்னும் குறைவாகவே இருக்கும். ஆகவே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை, 2001இல் மூடப்பட்ட அந்த ஆலையை, நினைத்துக்கொண்டு சூளைப் பக்கம் போகப் பயப்பட வேண்டியதில்லை.

பாதரசம் 357 டிகிரியில் கொதித்துவிடும். மண்ணில் அது தனியாக உருண்டு கிடப்பதில்லை. மக்கிய பொருளோடும் கந்தகத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். சித்த வைத்தியர்கள் சாதிலிங்கத்தைச் சூடேற்றி வாலையில் ரசம் இறக்குவார்களே, அதே ஒட்டுதான், அதே பிரிவுதான். 700 டிகிரியைத் தாண்டுவதற்குள் மண்ணிலுள்ள பாதரசம் அத்தனையும் ஆவியாகி வெளியேறிவிடும். உங்கள் பிஸ்கட் சூடே அதற்கு மேல்தான். சுட்ட அகலிலும் கொலு பொம்மையிலும் ஃபியூஸ் கட்டையிலும் பாதரசம் கிடையாது. சுடாத மண்ணில் மட்டுமே உண்டு. இதை மனத்தில் வையுங்கள். என் வேண்டுகோளே இதில்தான் நிற்கிறது.

அந்தத் துளி அங்கே எப்படி வந்தது?

எரிமலை வெடிக்கும்போது சாம்பலும் கந்தகப் புகையும் மட்டும் வெளிவருவதில்லை, பாதரச ஆவியும் வருகிறது. சாம்பல் சில நாளில் விழுந்துவிடும். கந்தகம் மழையில் கரைந்துவிடும். பாதரச ஆவி பல மாதங்கள், சில சமயம் ஓராண்டு வரையிலும், காற்றில் மிதக்கும். அதற்குள் பூமியைச் சுற்றி வந்துவிடும். பிறகு காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து, நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி, மழையோடு இறங்கி, கடலில் மிதக்கும் பாசித் துணுக்குகளில் ஒட்டி, அவற்றோடு அடியில் படியும். சேற்றின் மேல் சேறு மூட, அது உள்ளே மாட்டிக்கொள்ளும். எரிமலை ஓரிடத்தில் இருக்க, அதன் தடம் அரை உலகம் தள்ளி ஒரு கடலடிச் சேற்றில் கிடைக்கும்.

இதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. திருமுதுகுன்றத்தில் கிடைத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த சுந்தரர் கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் மச்சம் வெட்டி எடுத்துக்கொள்கிறார். திருவாரூரில் பொன் வெளிவந்ததும் மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்க்கிறார், மாற்றுக் குறைகிறது, விடவில்லை. நம்பினாலும் சாம்பிள் எடுத்து வைத்துக்கொண்டுதான் நம்பியிருக்கிறார். ஆய்வுக்கூடத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாதரசத்தை இப்படிப் பழைய பாறையில் தேடும் வழக்கம் நீண்ட நாளையது இல்லை. 2012இல் ஹமீத் சனேய், ஸ்டீபன் கிராஸ்பி, பெனுவா போஷாம்ப் என்ற மூவர் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் 25.2 கோடி ஆண்டுப் பழைய பாறைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் காலம் சாதாரணக் காலமல்ல. பெர்மியன் முடிவில் கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்துபோன காலம். பூமி கண்ட அழிவுகளில் ஆகப் பெரியது. அதே சமயம் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குப் பரவிக்கொண்டிருந்தது. அங்கே அந்தக் குழம்பு நிலக்கரிப் படுகைகளுக்குள்ளும் புகுந்து எரித்தது. நிலக்கரியில் இருந்த பாதரசமும் சேர்ந்து கிளம்பியது. மூவரும் பார்த்த பாறையில், இனங்கள் மறையும் அதே மட்டத்தில், பாதரசம் திடீரென ஏறுகிறது. எரிமலையும் அழிவும் ஒரே காலம் என்று அதுவரை வெவ்வேறு ஊர்ப் பாறைகளின் வயதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடிந்தது. இப்போது இரண்டும் ஒரே பாறையில், ஒரே விரற்கடையில்.

அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் ஒவ்வொரு பேரழிவாகத் தேடிப் போனார்கள். 20.1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிரையாசிக் முடிவு, 37.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் அழிவு, 44.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்டோவிசியன் முடிவு என எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பாறையில் பாதரசம் ஏறியிருக்கிறது. ஆர்டோவிசியன் விஷயம் வேடிக்கையானது. பாதரசம் இருக்கிறது, ஆனால் அந்த வயதுடைய பெரிய எரிமலைப் பீடபூமி எதுவும் இன்று உலகில் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கைரேகை கிடைத்த இடத்தில் ஆளைக் காணோம். எரிமலை தேய்ந்து மறைந்துவிட்டது என்பவர்களும் உண்டு, பாதரசம் வேறு வழியில் சேர்ந்தது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் சாய்கிறேன்.

நமக்கு நெருக்கமானது ஐந்தாவது அழிவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் போன அழிவு. அதற்கு இரண்டு குற்றவாளிகள் கூண்டில் நிற்கிறார்கள். ஒன்று, மெக்சிகோவின் சிக்ஸுலூப்பில் விழுந்த விண்கல். 1980இல் லூயி ஆல்வாரெஸும் மகன் வால்டரும் சகாக்களும் இத்தாலியின் குபியோ பாறையில் இரிடியம் என்ற அரிய உலோகம் குவிந்திருப்பதைக் காட்டியதிலிருந்து இந்தக் கட்சி ஓங்கியது. மற்றொன்று நம் வீட்டுக் குற்றவாளி, தக்காணத்து எரிமலை. மும்பையிலிருந்து நாக்பூர் வரை, கீழே பெல்காம் வரை, இன்றும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கருங்கல்லாகக் கிடக்கிறது. ஏறக்குறைய நாலு தமிழ்நாடு. மகாபலேஸ்வரம் பக்கத்து மலைகளில் அடுக்கடுக்காகப் படிந்த குழம்பின் மொத்தக் கனம் கிலோமீட்டர் கணக்கு. இதில் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் கொட்டித் தீர்ந்தது. ராஜமுந்திரி வரை ஓடிய குழம்பும் உண்டு. ஆந்திரக் கரையில் ஓ.என்.ஜி.சி. தோண்டிய கிணறுகளில் அதைக் கடல் சேற்றுக்கு நடுவே தொட்டிருக்கிறார்கள்.

விண்கல்லுக்கு இரிடியம் சாட்சி. எரிமலைக்குச் சாட்சி இல்லாமல் இருந்தது. பாதரசம் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரைச் சேர்ந்த அல்சிடெஸ் சியால் குழுவினர் இத்தாலி, டென்மார்க், மேகாலயா என்று மூன்று இடங்களில், அந்த அழிவின் எல்லையைக் காட்டும் பாறைகளை எடுத்தார்கள். மேகாலயப் பாறை கிழக்குக் காசி மலையடியில், உம் சோரிங்கியூ ஆற்றங்கரையில் இருக்கிறது. கிரிடேசியஸ் காலம் முடிந்து அடுத்த காலம் தொடங்கும் இடம் இந்தியாவில் தொடர்ச்சியாகத் தெரியும் நல்ல இடங்களில் அது ஒன்று. எல்லைக் கோட்டில் பாதரசம் ஏறியது, கோட்டுக்குக் கீழேயும் ஏறியது, மேலேயும் ஏறியது. ஒரே நாளில் விழுந்த விண்கல்லால் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஏற்றத்தை விளக்க முடியாது. அந்தக் கல் விழுமுன்பே பூமி புகைந்துகொண்டிருந்தது என்பதற்கு அது தடயம்.

2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைல் மேயரும் சியெரா பீட்டர்சனும் பாறையை விட்டுச் சிப்பிக்குப் போனார்கள். அண்டார்க்டிகா, அமெரிக்கா, அர்ஜென்டினா, எகிப்து, லிபியா, சுவீடன், கூடவே இந்தியா என்று பல இடத்துப் புதைபடிவச் சிப்பிகளில் பாதரசத்தை அளந்தார்கள். தக்காணம் கொதித்த காலத்துச் சிப்பிகளில் அளவு உயர்ந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தொழிற்சாலைப் பாதரசம் கலந்து மீன் பிடித்துத் தின்னக் கூடாது என்று எச்சரிக்கப்பட்ட ஆற்றிலிருந்து இன்றைய சிப்பிகளையும் எடுத்தார்கள். 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகளும் கெட்டுப்போன ஆற்றின் இன்றைய சிப்பிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. இந்த ஆய்வில் இன்னொரு நயம் உண்டு. அதே ஓட்டிலிருந்தே அந்தக் கடலின் வெப்பத்தையும் கணக்கிட்டார்கள். எரிமலை, சூடு, உயிர் மூன்றும் ஒரே ஓட்டில்.

இனி இதில் ஏமாறும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பாதரசம் ஏறினால் எரிமலை என்று எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகளும் வருகின்றன, நம்ப வேண்டாம்.

முதலாவது, மக்கிய பொருள். சேற்றில் அது அதிகமாக இருந்தால் பாதரசமும் தானாக அதிகம் ஒட்டும். எரிமலையே வேண்டாம், கடல் மூச்சடைத்துக் கறுத்த சேறு படிந்தாலே போதும். ஆகவே பாதரசத்தை மட்டும் அளந்தால் பயனில்லை. கரிம அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும். அதன்பிறகும் ஏற்றம் நின்றால்தான் பேச்சு. கந்தகம் அதிகமான சேற்றில் கந்தகத்தால் வகுக்க வேண்டி வரும். இரண்டாவது, காடு எரிந்தாலும் நிலம் அரித்தாலும் மண்ணிலிருந்த பழைய பாதரசம் கடலுக்குப் போகும். பேரழிவுக் காலத்தில் காடும் எரியும், நிலமும் அரிக்கும். ஆகவே வந்தது நேரே எரிமலையிலிருந்தா, வழியில் செடிகொடி, மண் எல்லாம் தங்கி வந்ததா என்று கேட்க வேண்டும்.

இதற்குத்தான் மாற்று உரைக்கிறார்கள். பாதரசத்துக்கு 196 முதல் 204 வரை ஏழு நிலையான ஐசோடோப்புகள். சூரிய ஒளியில் நடக்கும் வேதிமாற்றம் இவற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ள 199, 201 இரண்டையும் மட்டும் தனியாகப் பிரித்து விளையாடும். எரிமலையிலிருந்து நேரே வந்த பாதரசத்தில் இந்த விளையாட்டின் தடம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். இலையிலும் மண்ணிலும் தங்கி வந்தால் கழித்தல் பக்கம் சாயும். காற்றிலும் மழையிலும் நெடுந்தூரம் அலைந்து கடலுக்கு வந்தால் கூட்டல் பக்கம். அளவு மட்டும் ஏறினால் சந்தேகி, ஐசோடோப்பும் சேர்ந்து அசைந்தால் கவனி என்பதுதான் இன்றைய நடைமுறை.

மூன்றாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது: வெயிலும் மழையும். மேலே தெரியும் பாறை நம் நாட்டில் ஆழமாக இற்றுப்போயிருக்கும். மக்கிய பொருள் ஆக்சிஜனில் எரிந்து போகும்போது அதில் ஒட்டிய பாதரசமும் கழன்று போகும். மேற்பரப்பில் பொறுக்கிய துண்டு பெரும்பாலும் பொய் சொல்லும். புதிதாக வெட்டிய முகத்திலிருந்தோ, ஆழ்துளையில் கிடைத்த பாறைத் தண்டிலிருந்தோ எடுத்ததுதான் சாட்சிக்கு ஆகும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பாதரசம் சொல்வது, எரிமலை அப்போது எரிந்தது என்பதை மட்டுமே. கொன்றது யார் என்று அது சொல்லாது. 2020இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, தக்காணத்தின் வாயுக்கள் கணிசமாக விண்கல்லுக்கு முன்பே வெளியேறி, அந்தச் சூடு தணிந்துகொண்டிருந்தபோதுதான் கல் விழுந்தது, கொன்றது கல்தான் என்று வாதிட்டது. எனக்கும் கல்தான் பிரதானம் என்று தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே இளைத்திருந்த உயிர்க்கூட்டத்தின் மேல்தான் அது விழுந்தது என்றும் நினைக்கிறேன்.

இதற்கும் விருத்தாசலத்துக்கும் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

1840களில் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த கே என்பவரும் அவருடைய நண்பர் கன்லிஃபும் மூன்று இடங்களில் புதைபடிவங்கள் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி, மூன்றாவது விருத்தாசலம். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து அச்சிட்டபோது உங்கள் ஊர்ப் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறிவிட்டது. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் தென்னாற்காடு, திருச்சி மாவட்டங்களின் கிரிடேசியஸ் பாறைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரும் அவர்தான். ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் தொகுதி தொகுதியாகப் படம் போட்டு வைத்தார். காவிரிப் படுகையின் கிரிடேசியஸ் பாறைகள் வெளியே தலைகாட்டும் இடங்களைச் சொல்லும்போது சிவகங்கை, தஞ்சாவூர், அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்று இன்றைக்கும் வரிசையாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் தாலுகா அந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் அரியலூர் அளவுக்கு யாரும் அதைத் தோண்டித் துருவவில்லை.

அரியலூர்ப் பக்கம் போனால் கடல் வந்து போன கதை முழுக்கத் தரையில் கிடக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் தேரணி வெள்ளை மண். அதில் தொடக்கக் கிரிடேசியஸ் காலத்து இலைத் தடங்கள். உங்கள் தொழிலுக்கும் தேரணி மண் அந்நியமில்லை. அடுத்து காரை கிராமத்துக் களிமண் மேடுகள், ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கும் செந்நில வெளி. அதன் வயதில் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் மூச்சுத் திணறிய தருணமும் அடங்கும். அந்தத் தருணத்தில் எரிமலைகள் கடலுக்கடியில் வெடித்தன என்கிறார்கள். கடலடியில் வெடித்தால் பாதரசம் காற்றேறிப் பரவாது. ஆகவே உலகின் பல இடங்களில் அந்தக் காலப் பாறையில் பாதரசம் தெளிவாகப் பேசவில்லை. காரை மண் என்ன சொல்லும் என்று எனக்கு ஆவல் உண்டு. அதற்கு மேலே சிப்பி சிப்பியாய் அடுக்கிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். அதற்கும் மேலே டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேடு மணல். பிறகு அடுத்த யுகத்தின் நின்னியூர்ப் பாறை.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. கல்லமேட்டில் கடல் பின்வாங்கி, நிலமாகி, ஆற்று மணல் படிந்துவிட்டது. அழிவு நடந்த அந்தக் கணத்துக்குரிய கடல் சேறு அரியலூரில் தரைமேல் தொடர்ச்சியாக இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. மேகாலயத்துக்குக் கிடைத்த பெயர் அரியலூருக்குக் கிடைக்காததற்கு இதுதான் காரணம். எல்லைக் கோட்டைத் தேடி உங்கள் பட்டறைக்கு வரும் மண்ணைக் கிளறினால் ஒன்றும் அகப்படாது. நெய்வேலிப் பக்கத்துக் களிமண் அதைவிட வெகு இளையது. கடலூர் மணற்பாறையோடு வருவது, மயோசீன் காலத்தது. திருவக்கரைக் கல்மரங்களின் காலம்.

அப்படியானால் எதற்கு பாட்டில்?

ஏற்றம் என்றால் எதிலிருந்து ஏற்றம்? இதுதான் என் பதில். மேகாலயத்தில் பாதரசம் உயர்ந்தது என்று சொல்ல, உயராத நாளில் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். காய்ச்சலைச் சொல்ல உடம்பின் வழக்கமான சூடு தெரிய வேண்டும். காவிரிப் படுகைக்கு அந்த வழக்கமான கணக்கு ஒழுங்காக வேண்டும்: தேரணி மண்ணில் எவ்வளவு, காரையில் எவ்வளவு, கல்லங்குறிச்சிச் சிப்பியிடையே உள்ள களியில் எவ்வளவு, நெய்வேலி மேல்மண்ணில் எவ்வளவு. பெரிய பயங்கரங்களைத் தேடிப் போகிறவர்கள் இந்தச் சாதாரண மண்ணை அளக்க வருவதில்லை. கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்காது. சாதாரண மண்ணைத் தினமும் தொடுகிறவர்கள் நீங்கள்தான். புதிதாக வெட்டியதும், இற்றுப்போகாததும், எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரிந்ததுமான மண் உங்கள் கொட்டகைக்கே வந்து இறங்குகிறது. மறுவாரம் அது சூளைக்குள் போய், கேட்டால் பதில் சொல்லாத பொருளாகிவிடுகிறது.

இன்னொரு காரணம் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2015இல் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன். சிறு தங்கச் சுரங்கங்கள் முதலிடம், நிலக்கரி அடுத்து. சிமெண்ட் தொழில் மட்டும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலும் களியிலும் எரிபொருளிலும் இருந்த பாதரசம் புகைபோக்கி வழியே போகிறது. யோசித்துப் பாருங்கள்: கிரிடேசியஸ் கடலின் அடியில் ஏழு கோடி ஆண்டு படுத்திருந்தது இன்று மறுபடி காற்றில். எந்த எரிமலையும் தேவைப்படவில்லை. உங்கள் சூளைகள் இந்தக் கணக்கில் தூசி. ஆனால் ஒருபுறம் அரியலூர் சிமெண்ட், மறுபுறம் நெய்வேலி அனல்மின் நிலையம் என்று இருக்கும் வட்டாரத்தில், நாளை எவராவது வயலிலும் ஏரியிலும் பாதரசத்தை அளந்தால், இது மண்ணின் இயல்பான அளவா, வந்து சேர்ந்ததா என்ற கேள்வி எழும். ஆழத்திலிருந்து எடுத்த, புகை படாத பழைய மண் கைவசம் இருந்தால்தான் விடை சொல்ல முடியும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசக் கணக்கு கேட்கப்படும் காலம் இது.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. அளக்கும் கருவியே ஒரு குட்டிச் சூளைதான். பத்தில் ஒரு கிராம் மண்ணை நிக்கல் படகில் வைத்து ஆக்சிஜன் ஓட்டத்தில் 750 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். கிளம்பும் ஆவியைத் தங்கம் பூசிய பொறி பிடித்துக்கொள்ளும். தங்கமும் பாதரசமும் ஒட்டும் என்பது நம் தட்டாருக்குப் பழைய பாடம். பொறியைச் சூடாக்கி மொத்தமாக விடுவித்து, 253.7 நானோமீட்டர் ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள். நூறு கோடியில் ஓரிரு பங்கையும் அது காட்டும். விருத்தாசலத்தில் அது இல்லாவிட்டால் பரவாயில்லை. மண் இருந்தால் கருவியைத் தேடிப் போகலாம். கருவி கிடைத்து மண் இல்லாமல் போனால்தான் கஷ்டம்.

செய்முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஊறுகாய் பாட்டில் போதும், வாய் அகலமாக, மூடி இறுக்கமாக. பாலிதீன் பை வேண்டாம். பாதரச ஆவி அதை ஊடுருவும். கழுவிக் காயவைத்த பாட்டிலில், லாரியின் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து ஒரு பிடி. வெயிலில் உலர்த்தாதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள், உடைந்த டியூப் லைட்டும் தெர்மாமீட்டரும் உள்ள அலமாரிக்கு அருகிலும் வேண்டாம். நிழலான இடம் போதும். பாட்டிலைவிட முக்கியம் சீட்டு. எந்த ஊர்க் குழி, எத்தனை அடி ஆழம் என்று லாரி டிரைவரிடம் கேட்டு, தேதியோடு பென்சிலில் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சீட்டு இல்லாத மண் வெறும் மண். டிரைவர்கள் சிரிப்பார்கள், இரண்டாம் தடவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு அலமாரி கேட்கிறேன். பட்டறைகளிலிருந்து வரும் பாட்டில்களை வரிசை எண் போட்டு வைத்து, ஒரு பதிவேட்டில் ஏற்றினால் போதும். எரிப்பு இழப்புச் சோதனை நீங்கள் எப்படியும் செய்கிறீர்கள்; அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள், மக்கிய பொருளைக் கணக்கிட ஓரளவு உதவும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை சிதம்பரத்தில்தான் இருக்கிறது. பஸ் ஏறினால் சேர்ந்துவிடும் தூரம். மாணவர்கள் அங்கே போய்ப் பேசட்டும். அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டு முகத்திலிருந்து மாதிரி வேண்டுமென்றால் சுரங்க அலுவலகத்தில் அனுமதி கேட்டு, அவர்கள் ஆளோடு போங்கள். தனியே ஏறி இறங்க வேண்டாம். வெட்டி முடித்த குழிகளில் தண்ணீர் தேங்கிக்கொண்டே வருகிறது. நீர் மூடிய முகத்தில் பிறகு மாதிரி எடுக்க முடியாது.

கார்த்திகை அகல் வேலை தொடங்கிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று தெரியும். அதற்கு முன்னால் வரும் அடுத்த நடை மண்ணிலிருந்தே முதல் பாட்டிலைத் தொடங்கிவிடுங்கள்.